‘குழப்படி’ப் பிள்ளையின் கையில் காயம்: தற்கொலை நோக்கமற்ற சுயகாயத்தை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

பாடசாலையில் ஒரு பிள்ளைக்குக் ‘குழப்படிக்காரன்’ என்ற பெயர் விழுந்துவிட்டால், பிறகு அவனுடைய உடலில் தெரியும் காயமும் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. முன்கையில் கீறல்கள் இருக்கின்றனவா? ‘வெருட்டப் பார்க்கிறான்.’ விரல் மொளிகள் வீங்கியிருக்கின்றனவா? ‘எங்கேயோ சண்டை பிடித்திருப்பான்.’ பெண் பிள்ளை என்றால் ‘காதல் விவகாரம்’ என்று முடித்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், அதே கீறலைக் கண்டவுடன் தற்கொலை முயற்சி என்று முடிவுகட்டி, வீடும் ஊரும் பதறி, நாலு பேர் முன்னால் விசாரித்து, பிள்ளை இனி ஒருநாளும் வாய் திறக்காதபடி செய்துவிடுவதும் நடக்கிறது. இரண்டுமே பிழை. இரண்டிலும் யாரும் பிள்ளையிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை.

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பதின்ம வயதினரோடு வேலை செய்யும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள், உளவளத்துணையாளர்கள், வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்கள், பிரதேச செயலகங்களின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கலாம். நோய் நிர்ணயத்தை இறுதியில் எழுதுபவர் உளமருத்துவ நிபுணர் அல்லது அவரின் கீழ் பணிபுரியும் உளநல வைத்திய அதிகாரி. ஆனால் அவருக்குத் தேவையான செய்திகளில் பெரும்பகுதி வகுப்பறையிலும் வீட்டிலும்தான் கிடக்கிறது. அதை யார், எப்படிச் சேகரிப்பது என்பதே இங்கு விடயம்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளையின் உயிர் பற்றிய பயம் உங்களுக்கு இருந்தால், முதலில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

சாக வேண்டும் என்ற எண்ணமின்றி, வேண்டுமென்றே தன் உடலின் மேற்பரப்பைத் தானே காயப்படுத்திக்கொள்வதைத் தற்கொலை நோக்கமற்ற சுயகாயம் என்கிறோம். பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பல நாடுகளில் சமூகத்திலுள்ள பதின்ம வயதினரிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாழ்நாளில் ஒருமுறையேனும் அப்படிச் செய்தவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது ஆறேழு பேர். நமது ஆசிரியர்களில் பலருக்கு இந்தக் கணக்கு நம்பமுடியாததாக இருக்கும். அவர்கள் கண்ணில் படுவது ஒருவர் இருவர் மட்டுமே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் நிர்ணயக் கையேடு, இதற்கான அளவுகோல்களைத் தந்தது. ஆனால் ‘மேலும் ஆராயப்பட வேண்டிய நிலைகள்’ என்ற பகுதியிலேயே அவற்றை வைத்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, இதைத் தனி நோயாக அல்லாமல் ஓர் அறிகுறியாகவே பதிவு செய்கிறது. நடைமுறையில் இதன் பொருள் முக்கியமானது: ‘இந்தப் பிள்ளைக்குச் சுயகாயம் இருக்கிறது’ என்று எழுதியதோடு வேலை முடிவதில்லை. எதன் அறிகுறி என்று தேடியே ஆக வேண்டும்.

இலங்கையில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நமது வைத்தியசாலைகளில் ‘தனக்குத்தானே தீங்கு செய்தல்’ என்றவுடன் நஞ்சருந்தியவர்களே நினைவுக்கு வருகிறார்கள். பதிவேடுகளும் அப்படியே நிரம்பியிருக்கின்றன. தோலில் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை வார்ட்டுக்கு வருவதேயில்லை. வராததால் இங்கே அப்படியொன்று இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

படி 1: கண்ணில் படுவது

நமது கரையோர வெயிலில் எப்போதும் முழுக்கைச் சட்டை, உடற்பயிற்சிப் பாடத்துக்கு உடை மாற்ற மறுப்பது, குளிக்கக் கடலுக்கோ குளத்துக்கோ நண்பர்களோடு போவதைத் திடீரென நிறுத்துவது, ஒரே இடத்தில் ஒரே மாதிரியான பல காயங்கள், அவற்றில் சில ஆறியும் சில புதிதாகவும் இருப்பது, ‘பூனை கீறியது’, ‘முள்வேலியில் பட்டது’ என்று ஒவ்வொரு முறையும் மாறும் காரணங்கள் ஆகியவை பொதுவான அடையாளங்கள். முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ பெண் பிள்ளைகளின் சீருடையே உடலை முழுமையாக மறைக்கும் என்பதால் உடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கே கழிப்பறையில் நீண்ட நேரம் இருப்பதும், தோழிகள் தயங்கித் தயங்கி வந்து சொல்வதும்தான் தடயம். தோழி வந்து சொன்னால் அவளைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

நடத்தைப் பிரச்சினையுள்ள பிள்ளையில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கோபம் வந்தால் சுவரில் குத்துவது, தலையை மோதுவது. ஆண் பிள்ளைகளிடம் இதை ‘மூர்க்கம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறோம். குத்தும்போது சுவரை உடைக்க நினைத்தானா, தன் கையை நோகச்செய்ய நினைத்தானா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு, தண்டனைக்குப் பிந்திய நேரம். அதிபரின் அறையிலிருந்து திரும்பிய பிறகு, பெற்றோரை அழைத்துவரச் சொன்ன அன்று மாலை: காயங்கள் அந்த மணித்தியாலங்களில் நிகழக்கூடும்.

படி 2: முதலில் காயம், பிறகு கதை

ஆழமான காயமென்றால், குருதி நிற்காவிட்டால், சீழ் பிடித்திருந்தால் உடனே வைத்தியசாலை. ஏற்புத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிறிய காயமென்றால் சுத்தமான நீரில் கழுவி, மூடிவிடுங்கள். இதைச் செய்யும்போது முகத்தில் அதிர்ச்சியோ அருவருப்போ வேண்டாம். அளவுக்கு மீறிய கொஞ்சலும் வேண்டாம். அமைதியான, மரியாதையான கவனிப்புப் போதும். ‘மருந்து போடும்போது நொந்தால் சொல்லுங்கள்’ என்று சொல்லும் ஒரு பெரியவரை அந்தப் பிள்ளை நீண்ட நாளாகச் சந்தித்திருக்கமாட்டான்.

படி 3: கேட்பது

தனியறை வேண்டும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத அறை. பெண் பிள்ளையென்றால் பெண் ஆசிரியரோ பெண் உத்தியோகத்தரோ கேட்பது நல்லது. ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியர் இந்த உரையாடலில் இருக்கக் கூடாது. தண்டிக்கும் வாயும் விசாரிக்கும் வாயும் ஒன்றாக இருந்தால் பிள்ளை பேசாது.

இரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “நீங்கள் சொல்வதை நான் ஊருக்குச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உங்களுக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றாலோ, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம், எப்படி என்பதை இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.” ‘யாருக்கும் சொல்லவேமாட்டேன்’ என்று சத்தியம் செய்து கதையை வாங்காதீர்கள். அந்தச் சத்தியத்தை உடைக்க வேண்டி வரும் நாளில் பிள்ளையை இழந்துவிடுவீர்கள்.

பிறகு, “மனம் தாங்க முடியாமல் போகும்போது சில பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருக்கிறதா?” என்று நேராகக் கேளுங்கள். ‘ஏன் செய்தாய்?’ என்ற கேள்வியைத் தவிருங்கள். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை மட்டுமே. ‘அதற்கு முன் என்ன நடந்தது? அப்போது உடம்பில் எப்படி இருந்தது? முடிந்த பிறகு எப்படி இருந்தது?’ என்று வரிசையாகப் போங்கள். ‘தெரியாது’ என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த நாளும் வாருங்கள். நடத்தைப் பிரச்சினையுள்ள பிள்ளைகளில் பலருக்குத் தம் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவே தெரியாது. அவர்களுக்கு எல்லாமே ‘விசர் வந்தது’தான். கோபமா, வெட்கமா, வெறுமையா, பயமா என்று நாமே சில சொற்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

எவ்விதம் காயப்படுத்தினார் என்ற நுணுக்கத்தைத் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. ஆபத்தின் அளவை அறிய வைத்தியருக்குத் தேவையானது எதுவோ அதுமட்டும் போதும்.

படி 4: சாக நினைத்தாரா என்று கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். கேட்டால் எண்ணம் புகுந்துவிடும் என்று பயப்படுகிறோம். தற்கொலை பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை உருவாக்குவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

“அந்த நேரத்தில் சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா? கொஞ்சமாவது?” ‘இல்லை’ என்றால் அங்கேயே நிறுத்தாமல், “செத்தாலும் பரவாயில்லை என்று இருந்ததா?” “தூங்கினால் எழும்பாமலே விட்டால் நல்லது என்று தோன்றியதுண்டா?” “எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?” “முன்னர் எப்போதாவது உயிரை விட முயன்றதுண்டா?” என்று படிப்படியாகக் கேளுங்கள். கொலம்பியா தற்கொலை ஆபத்து மதிப்பீட்டு அளவுகோலும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்கிறது: சாக விரும்புவது, பொதுவான எண்ணம், வழிமுறை பற்றிய எண்ணம், நோக்கம், திட்டம்.

விடைகள் எப்போதும் தெளிவாக இருக்காது. ‘சாகவும் விருப்பமில்லை, இருக்கவும் விருப்பமில்லை’ என்பது பதின்ம வயதில் மிகச் சாதாரணமான பதில். அந்தத் தடுமாற்றத்தை ‘நோக்கம் இல்லை’ என்ற கட்டத்துக்குள் தள்ளிவிடக் கூடாது. சந்தேகமிருந்தால் ஆபத்து உண்டென்றே எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டமோ, நோக்கமோ, முந்திய முயற்சியோ இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை; பிள்ளையைத் தனியே விடாமல் ஒரு பெரியவர் கூடவே போக வேண்டும். பொலிஸ் வழக்கு வருமென்று குடும்பம் பயந்தால் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் குற்றமாக இருந்த நிலை 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சுயகாயமும் தற்கொலையும் வேறு வேறு என்பது உண்மை. சுயகாயம் உள்ள பிள்ளைக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து கூடுகிறது என்பதும் அதேயளவு உண்மை. இன்று ‘இல்லை’ என்றவர் அடுத்த மாதம் ‘ஆம்’ எனலாம். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டும்.

நோக்கம் இல்லையென்று தெரிந்தாலும் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். 1995இல் நமது நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்ததற்குக் கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது ஒரு பெருங்காரணம். கணநேரக் கொந்தளிப்பு கடந்துபோகும். அந்தக் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருந்தால் உயிர் தப்பும். துடிப்பும் அவசரமும் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அம்பாறையின் வயற்காணிக் குடும்பங்களில் பூச்சிமருந்துப் போத்தல்கள் திண்ணையிலும் கட்டிலுக்கடியிலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றையும், பாட்டனாரின் அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரைகளையும் பூட்டி வைத்துச் சாவியைப் பெரியவர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 5: அளவுகோலில் வைத்துப் பார்ப்பது

டிஎஸ்எம்-5 கேட்பவை சுருக்கமாக: கடந்த ஓராண்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் சுயகாயம்; தற்கொலை நோக்கமின்மை; வேதனையிலிருந்து விடுபடுவது, உறவுச் சிக்கலொன்றைத் தீர்ப்பது, ஏதோவொரு நல்லுணர்வை வரவழைப்பது ஆகிய எதிர்பார்ப்புகளில் ஒன்றாவது; செயலுக்குச் சற்று முன்னர் உறவுச் சிக்கலோ எதிர்மறை உணர்ச்சியோ இருப்பது, செயலைப் பற்றிய எண்ணத்தை அடக்க முடியாமல் தவிப்பது, செய்யாத நேரத்திலும் அடிக்கடி அதையே நினைப்பது ஆகியவற்றில் ஒன்றாவது; அதனால் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க துன்பமோ தடங்கலோ. நகம் கடிப்பதும் ஆறும் காயத்தைச் சொறிவதும் இதில் சேரா.

‘ஐந்து நாட்கள்’ என்பதைப் பிள்ளையிடம் அப்படியே கேட்டால் விடை வராது. தவணைகளையும் திருவிழாக்களையும் வைத்துக் கேளுங்கள்: சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரா பின்னரா, நோன்பு மாதத்திலா, இரண்டாந் தவணைப் பரீட்சையின்போதா? நாட்கள் தானாகவே நினைவுக்கு வரும்.

எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள மத்தியூ நொக், மிட்செல் பிரின்ஸ்டீன் ஆகியோர் 2004இல் முன்வைத்த நான்கு வகைப்பாடு உதவும். வேதனையான உணர்ச்சியைத் தணிக்க. மரத்துப்போன நிலையில் எதையாவது உணர. பிறரிடமிருந்து அக்கறையையோ பதிலையோ பெற. தாங்க முடியாத ஒரு சூழலிலிருந்து விலக. பெரும்பாலானோர் சொல்வது முதலாவது காரணத்தை. நமது ஆசிரியர்கள் முதலில் நினைப்பதோ மூன்றாவதை. ‘கவனத்தை ஈர்க்கத்தானே செய்கிறான்’ என்ற வசனம் எத்தனையோ நல்ல உள்ளங்களிலிருந்தும் வருகிறது. அது உண்மையாகவே இருந்தாலும், கவனத்தைப் பெறத் தன் சதையைக் காயப்படுத்த வேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டதே, அதுவே சிகிச்சைக்குப் போதுமான காரணம் அல்லவா?

படி 6: நடத்தைப் பிரச்சினையையும் சுயகாயத்தையும் ஒன்றாக வைத்துப் படிப்பது

பல பிள்ளைகளின் கதைகளைச் சேர்த்து அமைத்த ஓர் உருவத்தை இங்கே வைக்கிறேன். படுவான்கரைக் கிராமமொன்றில் தரம் 9இல் படிக்கும் 14 வயதுப் பையன். தாய் குவைத்தில் வீட்டு வேலை, அம்மம்மாவோடு இருக்கிறான், தகப்பன் வந்து வந்து போவார். கதிரையைத் தூக்கி எறிந்தான், ஆசிரியரைத் தூஷணத்தால் ஏசினான், சக மாணவனின் மூக்கை உடைத்தான் என்று ஒழுக்காற்றுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. இடது முன்கையில் காயங்கள். ‘வெருட்டல்’ என்பது பாடசாலையின் முடிவு.

உளவளத்துணையாளர் செய்தது எளிய காரியம். பையன் நினைவுபடுத்திச் சொன்ன காயங்களின் நாட்களை ஒரு தாளின் இடப்பக்கத்திலும், ஒழுக்காற்றுப் புத்தகத்தின் தேதிகளை வலப்பக்கத்திலும் எழுதினார். இரண்டும் மாதத்தின் முதல் வாரத்தில் குவிந்திருந்தன. அந்த வாரத்தில் தாயின் பணம் வருகிறது; தகப்பன் வீட்டுக்கு வருகிறார்; குடி; ஐமோ அழைப்பில் தாயோடு கூச்சல்; தொலைபேசியைப் பறித்துப் பையனிடம் கொடுத்து ‘உன் அம்மாவிடம் நீயே கேள்’ என்பார். அன்றிரவு பையன் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மறுநாள் பாடசாலையில் அமைதியாக இருந்தான். அம்மம்மா விழித்திருந்ததால் அது முடியாமற்போன இரவுகளுக்கு மறுநாள்தான் கதிரைகள் பறந்தன.

அந்த ஒரு தாள் பல பக்க அறிக்கைகள் சொல்லாததைச் சொல்லிவிட்டது. கதிரையும் காயமும் ஒரே கொதிப்பின் இரண்டு வாய்கள். நடத்தைக்கு மட்டும் தண்டனை கொடுத்து அதை அடக்கினால் மற்ற வாய் இன்னும் பெரிதாகத் திறக்கும். ஆகவே உங்கள் பாடசாலையின் ஒழுக்காற்றுப் புத்தகத்தை நோயறியும் ஆவணமாகப் பயன்படுத்துங்கள்: தேதி, நேரம், முன்னர் நடந்தது, மறுநாள் நிலை.

எந்தக் கோளாறு அடியில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பிறர் உரிமையை மீறல், திருட்டு, கொடுமை, ஓடிப்போதல் ஆகியவை ஓராண்டாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் நடத்தைக் கோளாறு. ஆறு மாதங்களுக்கு மேலாகச் சினம், வாதாட்டம், வன்மம் என்றிருந்தால் எதிர்ப்புக் கோளாறு. இதில் ‘சினம்’ என்ற பகுதி பின்னாளில் மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லக்கூடியது. 12 வயதுக்கு முன்பே தொடங்கிய கவனக்குறைவும் அடக்க முடியாத துடிப்பும் என்றால் ஏடிஎச்டி. அத்தகைய பிள்ளையின் சுயகாயம் யோசித்துச் செய்வதாக இராமல் கண நேரத்தில் நடந்துவிடும், அதனால் ஆழமும் கூடலாம். பெரியவர்களில் மனச்சோர்வு சோகமாகத் தெரிகிறது. பதின்ம வயதில் அது எரிச்சலாகவே தெரியக்கூடும் என்பதை டிஎஸ்எம்-5உம் ஏற்கிறது. எத்தனை ‘வாய்க்காரி’களும் ‘முரட்டுப் பையன்’களும் சிகிச்சை கிடைக்காத மனச்சோர்வோடு வகுப்புக்கு வெளியே முழந்தாளில் நிற்கிறார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பிள்ளையின் உணர்ச்சி, நடத்தை பற்றி எஸ்டிகியூ எனப்படும் 25 கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் உண்டு. பிள்ளை, பெற்றோர், ஆசிரியர் மூவரும் தனித்தனியே நிரப்பலாம். ஆசிரியரின் தாளில் நடத்தைப் புள்ளி உயர்ந்தும், பிள்ளையின் தாளில் உணர்ச்சிப் புள்ளி உயர்ந்தும் இருந்தால் அந்த இடைவெளியை உற்றுப் பாருங்கள். ஆனால் அப்படிவத்தில் சுயகாயம் பற்றிய கேள்வியே கிடையாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படி 7: வேறென்னவாக இருக்கலாம்

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீ மிதிப்பவரும், அலகு குத்திக் காவடி எடுப்பவரும், றாத்திப் என்ற சூபி வழிபாட்டில் பங்குகொள்ளும் பாவாமாரும் தம் உடலை வருத்துகிறார்கள். அது சமூகம் ஏற்ற வழிபாடு. நோயின் கணக்கில் வராது. டிஎஸ்எம்-5உம் அதைத் தெளிவாக விலக்குகிறது. ஆனால் நேர்த்தி முடிந்த பிறகும் தனிமையில், மறைவாக, வெட்கத்தோடு தொடர்ந்தால் அது வேறு விடயம்.

நண்பர்களோடு சேர்ந்து காதலியின் பெயரைக் கையில் கீறிக்கொள்ளும் பையனை உடனே நோயாளியாக்க வேண்டாம்; வீட்டுக்கு வந்து தனியே அதையே திரும்பச் செய்கிறானா, வலி தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். ஓட்டிசம் அல்லது அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை ஒரே அசைவாகத் தலையை மோதுவது வேறு வகை. முடி பிடுங்கல், தோல் கிள்ளல் ஆகியவற்றுக்குத் தனி நிர்ணயங்கள் உண்டு. காதில் குரல் கேட்டு அது சொன்னதால் காயப்படுத்தினால் அவசரமாக உளமருத்துவரிடம். ஐஸ் போன்ற போதைப்பொருளின் தாக்கத்தில் தோலுக்கடியில் ஏதோ ஊர்வதாக உணர்ந்து சொறிபவர்களும் உண்டு. போதையில் மட்டுமே நிகழ்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். ‘சாமி வந்தது’, ‘ஜின் பிடித்தது’ என்று குடும்பம் சொன்னால் கேலி செய்யாமல், அந்த நேரம் பிள்ளைக்கு நினைவிருந்ததா, எவ்வளவு நேரம், எதற்குப் பின் என்று கேளுங்கள். நூல் கட்டுவதையும் ஓதிய தண்ணீரையும் அவர்கள் தொடரட்டும். அடிப்பதும், பட்டினி போடுவதும், மருந்தை நிறுத்துவதும் மட்டும் கூடாது.

கடைசியாக, காயத்தைச் செய்தவர் வேறொருவராக இருக்கலாம். முதுகு போன்ற தன் கைக்கெட்டாத இடங்களில் காயம், பெரியவர் பக்கத்தில் நின்றால் மட்டும் வாயடைத்துப் போவது ஆகியவற்றைக் கண்டால் துன்புறுத்தலை நினையுங்கள். உண்மையான சுயகாயத்தின் பின்னாலும் பாலியல் துன்புறுத்தல் இருக்கக்கூடும். அப்படி வெளிவந்தால் துருவி விசாரிக்க வேண்டாம். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அறிவியுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பாடசாலைக்கு அழைத்துச் ‘சமாதானம்’ பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பிள்ளையைத் திரும்பவும் அதே கையில் ஒப்படைப்பது.

படி 8: வீட்டாரிடம் சொல்வது

என்ன சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். தகப்பன் பெல்ட்டை எடுப்பார் என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். தாய்மாமனோ, சாச்சியோ, அம்மம்மாவோ முதலில் வரட்டும். வெளிநாட்டிலுள்ள தாயோடு பேச வேண்டுமென்றால் அவருக்கு ஓய்வுள்ள நேரத்தைக் கேட்டறிந்து, உத்தியோகத்தர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாய் அன்றிரவு முழுவதும் அழுதுகொண்டு, யாருமில்லாமல் இருப்பார்.

சொல்லும் விதம்: “பிள்ளை நடிக்கவில்லை. சாக முயன்றதாகவும் இப்போது தெரியவில்லை. ஆனால் தாங்க முடியாத வேதனையில் இருக்கிறான், அதைத் தணிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வழியை நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம்.” வீட்டில் நாள்தோறும் கையைப் பரிசோதிக்கச் சொல்லாதீர்கள், பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ‘இனிச் செய்யமாட்டேன்’ என்று எழுதி வாங்குவதாலும் பயனில்லை.

பாடசாலையிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடியது. காலைக் கூட்டத்தில் பேசுவதும், எல்லாருடைய கைகளையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பதும், புகைப்படம் எடுத்து ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடவே கூடாது.

படி 9: எழுதி அனுப்புவது

வைத்தியருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘நடத்தை சரியில்லை, கையைக் கீறுகிறான்’ என்று ஒரு வரி எழுதினால் கிளினிக்கில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இப்படி எழுதலாம்: ‘வயது 14, தரம் 9. கடந்த ஓராண்டில் எட்டு, ஒன்பது வெவ்வேறு நாட்களில் இடது முன்கையில் மேலோட்டமான காயங்கள். கடைசியாகப் பத்து நாட்களுக்கு முன். வீட்டில் தகராறு நடந்த இரவுகளில், தனிமையில். செய்தபின் “தலைக்குள் சத்தம் நின்றது” என்கிறான். சாகும் நோக்கம் இல்லை என்கிறான். “எழும்பாவிட்டால் நல்லது” என்ற எண்ணம் இரண்டு முறை வந்திருக்கிறது. திட்டம் இல்லை, முந்திய முயற்சி இல்லை. போதை இல்லை. குரல் கேட்பதில்லை. ஒரு வருடமாக எரிச்சல், தூக்கக் குறைவு, புள்ளிகள் வீழ்ச்சி. வீட்டில் மருந்துகள் பூட்டப்பட்டுள்ளன. நம்பும் பெரியவர்: அம்மம்மா.’ இதை வாசிக்கும் வைத்தியர் உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்வார்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு, அல்லது கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை என உங்களுக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் நாளை விசாரித்து அனுப்புங்கள். பஸ் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் குடும்பத்துக்குச் சிறிய விடயமல்ல. எந்த நாளில் போகிறார்கள், யார் கூடப் போகிறார்கள் என்பதை நீங்களே கேட்டு உறுதிப்படுத்துங்கள். சுயகாயத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடியிலுள்ள மனச்சோர்வுக்கோ ஏடிஎச்டிக்கோ மருந்து தரப்படலாம். மற்றபடி, கொந்தளிப்பைத் தாங்கவும் தணிக்கவும் கற்றுக்கொடுக்கும் பேச்சுவழிச் சிகிச்சைதான். பதின்ம வயதினருக்கான டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்ற முறைக்கு நோர்வே, அமெரிக்க ஆய்வுகளில் நல்ல ஆதாரம் உண்டு.

படி 10: மீண்டும் பார்ப்பது

முதல் மாதத்தில் வாரமொருமுறை பத்து நிமிடமாவது சந்தியுங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு கேள்விகள்: கடந்த முறைக்குப் பின் காயப்படுத்த வேண்டும் என்று தோன்றியதா, செய்தீர்களா, சாகும் எண்ணம் வந்ததா, தோன்றியும் செய்யாமல் விட்ட நாளில் என்ன உதவியது? கடைசிக் கேள்வியின் விடைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். சிகிச்சை கட்டப்படுவது அவற்றின் மேல்தான். காயம் திரும்ப வந்தால் முதலாம் நாளில் கேட்ட அதே அமைதியோடு மீண்டும் நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள். காயங்கள் அடிக்கடியாகினாலும், ஆழமாகினாலும், பிள்ளைக்கு வலி தெரியாமற்போனாலும், முன்னர் கிடைத்த ஆறுதல் இப்போது கிடைக்கவில்லை என்றாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிள்ளை வேறு பாடசாலைக்குப் போகும் காலம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: பிள்ளையின் சம்மதத்தோடு, புதிய பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரை நேரில் அறிமுகப்படுத்தி, ஒழுக்காற்றுப் புத்தகத்தின் பிரதி போகுமுன் உங்கள் கடிதம் அவர் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.